யாருடைய வழக்கறிஞர்? தமிழ்நாட்டு உள்ளாட்சி வழக்குகளில் அடங்கியிருக்கும் ஒரு கேள்வி

1. கேள்வி

வழக்கறிஞர் தம் கட்சிக்காரரோ அவர் அதிகாரம் அளித்த முகவரோ சொல்வதன்படி மட்டுமே நடக்க வேண்டும் என்பது இந்தியப் பார் கவுன்சிலின் நடத்தை விதிகளுள் ஒன்று. கட்சிக்காரர் தனிமனிதராக இருந்தால் இதில் குழப்பமில்லை. கட்சிக்காரர் ஒரு கிராம ஊராட்சியாகவோ நகராட்சியாகவோ இருந்தால், அதன் சார்பில் சொல்ல வேண்டியவர் யார்? தீர்மானம் போடும் மன்றமா, தலைவரா, கோப்பில் கையெழுத்திடும் ஆணையரா, அந்த ஆணையரை அனுப்பிய மாநில அரசா, கிராம சபையா?

இவர்கள் அனைவரும் ஒரே பக்கம் நிற்கும்வரை இந்தக் கேள்வி எழுவதில்லை. அவர்களுக்குள் முரண்பாடு வரும்போதுதான் உள்ளாட்சி தொடர்பான முக்கிய வழக்குகள் பிறக்கின்றன. தள்ளிப்போகும் தேர்தல், தலைவர் பதவி நீக்கம், அனுமதியற்ற கட்டடங்கள், சாக்கடை மரணங்கள் என்று தனித்தனித் தலைப்புகளில் பேசப்படும் சிக்கல்களுக்கு ஒரு பொது வேர் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். சட்டம் உள்ளாட்சியை வழக்குத் தொடுக்கவும் வழக்கை எதிர்கொள்ளவும் உரிமையுள்ள தனி அமைப்பாக ஏற்கிறது. ஆனால் மாநில அரசோடு உள்ளாட்சி முரண்படும் நேரத்தில், அது தன் குரலில் நீதிமன்றத்தில் பேச நம்பகமான வழி எதையும் ஏற்படுத்தித் தரவில்லை.

2. இதுவரையிலான புரிதல்

1993 ஏப்ரல் 24 அன்று 73-ஆவது அரசமைப்புத் திருத்தமும் அதே ஆண்டு ஜூன் 1 அன்று 74-ஆவது திருத்தமும் நடைமுறைக்கு வந்தன. அதன் பின் உள்ளாட்சி பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அதிகாரப் பரவலை மூன்று அளவுகோல்களால் மதிப்பிட்டார்கள். என்னென்ன பணிகள் மாற்றப்பட்டன, எவ்வளவு நிதி வந்தது, எத்தனை அலுவலர்கள் மன்றத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தார்கள் என்பவை அவை. பதினோராவது அட்டவணையின் 29 இனங்களும் பன்னிரண்டாவது அட்டவணையின் 18 இனங்களும் காகிதத்திலேயே நிற்கின்றன என்பது இவர்கள் தொடர்ந்து சொல்லிவரும் குறை. 243-ஜி, 243-டபிள்யூ ஆகிய பிரிவுகள் அதிகாரத்தை மாற்றித் தருவதை மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டன. குறை அங்கிருந்தே தொடங்குகிறது.

நிர்வாகத் தரப்பின் பார்வை வேறு. ஊராட்சிகளில் சாதி ஆதிக்கமும் ஒப்பந்தக்காரர் செல்வாக்கும் வலுவாக இருப்பதால் ஆட்சியரின் மேற்பார்வை தேவை என்பது அவர்கள் வாதம். இது வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிடக் கூடியதில்லை. பின்னர் இந்த வாதத்துக்குத் திரும்புவோம்.

இரண்டு பார்வைகளும் நீதிமன்றத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. பணி, நிதி, அலுவலர் மூன்றும் குறையும்போது எஞ்சும் கடைசிப் பாதுகாப்பு வழக்காடும் உரிமை. அந்த உரிமை யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்தால்தான் மற்ற மூன்றின் உண்மையான எடை தெரியும்.

3. பதில் மனு எப்படி உருவாகிறது

ஊராட்சி சம்பந்தப்பட்ட ஒரு ரிட் மனு உயர் நீதிமன்றத்தில் தாக்கலாகிறது என்று கொள்வோம். எதிர்மனுதாரர் வரிசையில் ஆட்சியர் முதலில் இருப்பார். உதவி இயக்குநர், வட்டார வளர்ச்சி அலுவலர், வட்டாட்சியர் அடுத்து வருவார்கள். ஊராட்சியின் பெயர் பெரும்பாலும் கடைசியில் இருக்கும். மனுவின் நகல் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு வந்ததும் எழுத்தர் ஒருவர் பத்திவாரிக் குறிப்புரை தயாரிக்கிறார். மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் அலுவலகத்தின் பதில் என்ன என்பதுதான் அந்தக் குறிப்புரை. அது அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போய்ப் பதில் மனுவாகத் திரும்புகிறது. அதில் பிரமாணம் செய்து கையெழுத்திடுபவர் அலுவலர்.

இந்தப் பாதையில் மன்றக் கூட்டம் எங்கும் குறுக்கிடுவதில்லை. மன்றத்தின் கருத்து அலுவலரின் கருத்தோடு ஒத்துப்போனால் நல்லது. மாறுபட்டால் அந்த மாறுபாடு நீதிபதியின் மேசைக்குப் போய்ச் சேராது. மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் தனியாக நிலை வழக்கறிஞர்கள் உண்டு. ஆனால் அவர்களுக்கு அறிவுறுத்தல் தருபவர் அரசு நியமித்த ஆணையர். வக்காலத்தில் இருப்பது மாநகராட்சியின் பெயர், அதன் கீழ் இருப்பது ஆணையரின் கையெழுத்து.

அரசு வழக்கறிஞர் நியமனம் பற்றி உச்ச நீதிமன்றம் இருமுறை அழுத்தமாகப் பேசியிருக்கிறது. 1990-இல் உத்தரப்பிரதேசத்தின் மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் அனைவரையும் ஒரே ஆணையில் நீக்கியதைத் தன்னிச்சையான செயல் என்று ரத்து செய்தது. 2016 மார்ச்சில் பஞ்சாப் வழக்கில், அரசு வழக்கறிஞர் நியமனம் தகுதியின் அடிப்படையில் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்றது. இரண்டு தீர்ப்புகளும் அரசின் வழக்கறிஞர்களைப் பற்றியவை. உள்ளாட்சியின் பொதுப்பணத்தில் ஊதியம் பெறும் வழக்கறிஞருக்கு அதே அளவுகோல் பொருந்தக் கூடாது என்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை.

4. பதவிக்காலம்: ஊராட்சி இல்லாமல் நடந்த ஊராட்சி வழக்கு

அரசமைப்பின் 243-இ, 243-யு பிரிவுகளின்படி உள்ளாட்சி மன்றத்தின் ஆயுள் 5 ஆண்டு, அதற்கு மேல் இல்லை. அந்தக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும். 2006-இல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை உறுதிப்படுத்தியது. கலவரம், இயற்கைப் பேரிடர் போன்ற அசாதாரண நிலைகளுக்கு மட்டுமே விலக்கு என்று வரையறுத்தது. 2022 மே 10 அன்று மத்தியப்பிரதேச வழக்கில், வார்டு மறுவரையறை முடியவில்லை என்பதைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளிப்போட முடியாது என்று மீண்டும் சொன்னது.

தமிழ்நாட்டின் அனுபவத்தை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கைகளை, இட ஒதுக்கீட்டுக் குறைபாடு உள்ளிட்ட காரணங்களுக்காக அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்து, டிசம்பருக்குள் தேர்தலை நடத்தச் சொன்னது. மன்றங்களின் காலம் அந்த அக்டோபரிலேயே முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2017 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் மீண்டும் ஒரு கெடு விதித்தது, அதுவும் கடந்தது. 2019 டிசம்பர் 6 அன்று, புதிதாகப் பிரிக்கப்பட்டதால் பாதிக்கப்பட்ட 9 மாவட்டங்களைத் தவிர்த்து மற்ற இடங்களில் தேர்தல் நடத்தலாம் என்றது உச்ச நீதிமன்றம். அந்த மாத இறுதியில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. எஞ்சிய 9 மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரையும் நகர்ப்புற உள்ளாட்சிகள் 2022 பிப்ரவரி 19 வரையும் காத்திருந்தன. சென்னை மாநகராட்சிக்கு ஒரு முழுப் பதவிக்காலத்துக்கும் மேலாக மன்றமே இல்லை. 1973-இல் கலைக்கப்பட்ட அதே மாநகராட்சி 1996 வரை மன்றமின்றி இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், இதைத் தற்செயல் என்று சொல்வது கடினம்.

இந்த நீண்ட வழக்குத் தொடரில் வாதாடியவை அரசியல் கட்சிகள், மாநில அரசு, மாநிலத் தேர்தல் ஆணையம். யாருடைய ஆயுளைப் பற்றிய வழக்கோ அந்த ஊராட்சி, தன் மன்றத்தின் அறிவுறுத்தலோடு இதில் நிற்க வழியில்லை. காலம் முடிந்த மறுநாளே அதன் சார்பில் கையெழுத்திடும் உரிமை தனி அலுவலரிடம் போய்விடுகிறது. தேர்தல் தாமதிக்கிறது என்று ஊராட்சி வழக்குத் தொடுக்க வேண்டுமானால், அந்தத் தாமதத்தால் பதவியில் நீடிக்கும் அலுவலரே வக்காலத்தில் கையெழுத்திட வேண்டும்.

அந்த 27 மாவட்டங்களில் 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். நகரங்களையொட்டிய ஊராட்சிகளை மாநகராட்சி, நகராட்சிகளோடு இணைக்கும் அரசின் நடவடிக்கை சூடுபிடித்ததும் அதே நாட்களில்தான். நூறு நாள் வேலை போய்விடும், வரி கூடும் என்று பல ஊர்களில் மக்கள் எதிர்த்தார்கள். இணைப்பை எதிர்க்கச் சட்டப்படி மிகப் பொருத்தமான மனுதாரர், இணைக்கப்படும் ஊராட்சியே. ஆனால் அதன் மன்றம் இல்லை. மன்றத்தின் இடத்தில் இருப்பவர் இணைக்கும் அரசின் அலுவலர். கிராம சபை கூடித் தீர்மானம் போடலாம். அந்தத் தீர்மானத்தோடு நீதிமன்றம் போக வேண்டியவர்கள் தனிப்பட்ட கிராமத்தினர், தங்கள் கைக்காசைச் செலவழித்து.

5. பதவி நீக்கம்: 205-ஆவது பிரிவு

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் 205-ஆவது பிரிவு, கிராம ஊராட்சித் தலைவரை நீக்கும் அதிகாரத்தை ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியருக்குத் தருகிறது. ஆட்சியர் தாமாகவோ, மன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுதிக் கொடுத்த குற்றச்சாட்டின் பேரிலோ நடவடிக்கையைத் தொடங்கலாம். தலைவரிடம் விளக்கம் கேட்கப்படும். விளக்கம் நிறைவளிக்காவிட்டால் மன்றத்தின் கருத்தை அறிய வட்டாட்சியர் கூட்டம் கூட்டுவார். நடவடிக்கைக் குறிப்பு ஆட்சியருக்குப் போகும், அவர் முடிவெடுப்பார்.

கூட்டத்தில் உறுப்பினர்கள் பெரும்பான்மையாகத் தலைவருக்கு எதிராக இருந்தால், அது ஊரின் தீர்ப்பு என்று தோன்றும். ஆனால் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டியல் சாதியினருக்கோ பெண்களுக்கோ ஒதுக்கப்பட்ட பதவி என்றால், உறுப்பினர்களின் பெரும்பான்மையே அந்த ஒதுக்கீட்டை ஏற்காத பெரும்பான்மையாக இருக்கலாம். காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்ற ஏற்பாடு, துணைத்தலைவர் பேனாவை எடுக்க மறுத்தாலே ஊராட்சியை முடக்கப் போதுமானது. தெருவிளக்குக்கு பல்பு வாங்க முடியவில்லை, தூய்மைக் காவலர்களுக்குச் சம்பளம் போடவில்லை என்ற குறைகள் பின்னர் தலைவர் மீதே குற்றச்சாட்டாக எழுதப்படுகின்றன. மறுபுறம், 203-ஆவது பிரிவின் அவசர அதிகாரத்தைக் கொண்டு ஆட்சியர் தலைவரின் காசோலை அதிகாரத்தை வேறொருவருக்கு மாற்றுவதும் நடக்கிறது.

விளக்கம் கேட்காமலும் காரணம் எழுதாமலும் போடப்பட்ட நீக்க ஆணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் ரத்து செய்திருக்கிறது. 2024-இல் மகாராஷ்டிரத்திலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வந்த இரு வழக்குகளில், பெண் ஊராட்சித் தலைவர்களை நீக்கிய ஆணைகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சத்தீஸ்கர் வழக்கில் அந்தத் தலைவருக்கு 1 லட்சம் ரூபாய் வழங்கவும் உத்தரவிட்டது. தீர்ப்புகள் சரியானவை. ஆனால் அவை வந்து சேருவதற்குள் 5 ஆண்டுப் பதவியில் எத்தனை மாதம் கழிந்துவிடுகிறது என்பதையும் கணக்கிட வேண்டும்.

இத்தகைய வழக்கில் தலைவர் சொந்தச் செலவில் வழக்கறிஞர் வைத்துக்கொள்கிறார். ஆட்சியருக்காக அரசு வழக்கறிஞர் வருகிறார். ஊராட்சியின் நலன் என்ன என்பதைச் சொல்ல மூன்றாவதாக ஒருவர் இருப்பதில்லை. அப்படி ஒருவர் வந்தாலும், ஆட்சியருக்குக் கீழ் பணிபுரியும் வட்டார வளர்ச்சி அலுவலர் சொல்வதை மீறி அவரால் பேச முடியாது.

6. பொறுப்பு ஓரிடம், அதிகாரம் வேறிடம்

அனுமதியற்ற கட்டடங்கள் பற்றி உச்ச நீதிமன்றம் 2024-இன் கடைசி மாதங்களில் இரண்டு தீர்ப்புகள் வழங்கியது. நவம்பர் 13 தீர்ப்பு, இடிப்பதற்கு முன் குறைந்தது 15 நாள் அவகாசத்தோடு அறிவிப்பு, நேரடி விசாரணை, காரணத்தோடு கூடிய ஆணை, காணொளிப் பதிவு ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. மீறும் அலுவலர் சொந்தப் பணத்திலிருந்து ஈடு செய்ய நேரிடும். சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களின் ஆக்கிரமிப்புக்கு இது பொருந்தாது. டிசம்பர் 17 தீர்ப்பு, காலம் கடந்துவிட்டது என்பதால் விதிமீறல் முறையாகிவிடாது என்றும், கண்டுகொள்ளாத அலுவலர் மீது நடவடிக்கை வேண்டும் என்றும் சொன்னது. இவை ஒன்றுக்கொன்று முரணானவை என்ற வாசிப்பு பிழையானது. முறையாக நட, ஆனால் நடக்காமல் இருக்காதே என்பதே இரண்டின் கூட்டுப் பொருள்.

உள்ளாட்சி வழக்கறிஞருக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 56, 57 பிரிவுகளின்படி அறிவிப்பு கொடுத்துக் கட்டடத்தைப் பூட்டி சீல் வைக்கலாம். அதற்கு எதிரான 80-ஏ மேல்முறையீடு மாநில அரசிடமே போகிறது. விதிமீறலை முறைப்படுத்தும் அதிகாரமும் அரசிடமே. 1999 பிப்ரவரி 28-க்கு முந்தைய கட்டடங்களுக்கு ஒருமுறைச் சலுகையாக வந்த 113-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2000-இல் ஏற்றது. அடுத்தடுத்து வந்த நீட்டிப்புகளை 2006-இல் உயர் நீதிமன்றம் செல்லாதவை என்றது. பின்னர் 2007 ஜூலை 1-க்கு முந்தைய கட்டடங்களுக்காக 113-சி வந்தது. இந்த வரலாற்றைச் சுமந்துகொண்டு, ஏன் இடிக்கவில்லை என்ற நீதிபதியின் கேள்விக்குப் பதில் சொல்ல நிற்பவர் மாநகராட்சியின் வழக்கறிஞர். தாமதத்துக்குக் காரணம் அரசிடம் நிலுவையில் இருக்கும் மேல்முறையீடு என்று அவர் சொல்லலாம். அரசின் கொள்கையே காரணம் என்று அவரால் வாதிட முடியாது.

சாக்கடை மரணங்களில் இது இன்னும் கூர்மையாகிறது. 2013-ஆம் ஆண்டின் மனிதக் கழிவகற்றுவோர் தடைச் சட்டம், பாதாளச் சாக்கடையில் ஆபத்தான முறையில் மனிதரை இறக்குவதை உள்ளாட்சிகளுக்கும் அவற்றின் ஒப்பந்தக்காரர்களுக்கும் தடை செய்கிறது. 2014-இல் 10 லட்சம் ரூபாயாக நிர்ணயித்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் சென்னையில் சாக்கடை 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. இறங்கியவரை வேலைக்கு எடுத்தவர் துணை ஒப்பந்தக்காரராக இருப்பார். யார் முதலாளி என்ற வாதத்திலேயே முதல் சில வாய்தாக்கள் போய்விடும். பொறுப்பைத் தள்ளிவிடுவதுதான் தம் கட்சிக்காரரின் நலன் என்று வழக்கறிஞர் கருதுவது தொழில்முறையில் புரிந்துகொள்ளத்தக்கது. அந்தக் கட்சிக்காரரான உள்ளாட்சியில் இறந்த தொழிலாளியின் தெருவும் அடங்கும் என்பதைச் சொல்ல, மன்றத்தின் அறிவுறுத்தல் அவருக்கு வேண்டும். அது அவருக்குக் கிடைக்கும் பாதையே இல்லை.

7. எதிர்வாதமும் ஒரு மாற்றுச் சான்றும்

மேற்பார்வையைத் தளர்த்தினால் பலவீனமானவர்கள்தான் முதலில் பாதிக்கப்படுவார்கள் என்ற வாதத்துக்குத் தமிழ்நாட்டில் வலுவான சான்றுகள் உண்டு. 1997-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் பட்டியல் சாதித் தலைவர் தேர்தலே நடக்க முடியாமல் இருந்து, 2006-இல் அரசு நேரடியாகத் தலையிட்ட பின்னர்தான் நடந்தது. மன்றத்தின் பெரும்பான்மையிடம் வழக்காடும் உரிமையை முழுவதுமாக ஒப்படைத்தால், அது தலித் தலைவருக்கு எதிரான ஆயுதமாக மாறும் வாய்ப்பு உண்மையானது.

ஆனால் இந்தச் சான்றுகள் நிறுவுவது நடுநிலையான மேற்பார்வையின் தேவையை மட்டுமே. மேற்பார்வையாளரே எதிர்த்தரப்பாகவும் இருக்கும் ஏற்பாட்டுக்கு இவை நியாயம் சேர்க்கவில்லை.

கேரளத்தின் பெருமாட்டி ஊராட்சி இதற்கு உதாரணம். பாலக்காடு மாவட்டத்தின் பிளாச்சிமடையில் கொக்கோகோலா ஆலைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க 2003-இல் ஊராட்சி மறுத்தது. மாநில அரசு தலையிட்டபோது ஊராட்சியே மனுதாரராக உயர் நீதிமன்றம் சென்றது. 2003 டிசம்பர் 16 தீர்ப்பில் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் காப்பாளர் மட்டுமே என்றார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு ஆலைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க அனுமதித்தது. ஆனால் ஆலை 2004 மார்ச்சிலேயே மூடப்பட்டது. மீண்டும் முழுமையாக இயங்கவில்லை. வெற்றி தோல்வியைவிட முக்கியமானது, அரசுக்கு எதிராக ஓர் ஊராட்சி தன் சொந்த வழக்கறிஞரோடு நிற்க முடிந்தது என்பது. அவர் பேசியிராவிட்டால் நிலத்தடி நீர் பற்றிய அந்தக் கேள்வியே நீதிமன்றத்தின் முன் அந்த வடிவில் வந்திருக்காது.

கேரளச் சட்டத்தில் இதற்கான அமைப்பும் இருக்கிறது. ஊராட்சித் தீர்மானத்தை ரத்து செய்யும் முன் அரசு அதை முறைமன்ற நடுவரின் அல்லது உள்ளாட்சித் தீர்ப்பாயத்தின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டத்தின் 202-ஆவது பிரிவில் ஊராட்சித் தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் ஆய்வாளரான ஆட்சியருக்கே அதிகாரம் உண்டு. 2014-இல் உள்ளாட்சி முறைமன்ற நடுவர் சட்டம் இங்கும் வந்தது. அது முறைகேடுகளை விசாரிப்பதற்கானது. அரசுக்கும் உள்ளாட்சிக்கும் இடையிலான வழக்கைத் தீர்ப்பதற்கானதல்ல.

8. செய்யத்தக்கவை

மேலே பார்த்தவற்றிலிருந்து மூன்று மாற்றங்கள் தேவை என்று தெரிகிறது. மூன்றுக்கும் அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை.

முதலாவதாக, மாநில அரசோ ஆட்சியரோ எதிர்த்தரப்பாக உள்ள வழக்குகளில் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் மன்றத் தீர்மானத்தின் பேரில் தனி வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை விதிகளில் எழுதப்பட வேண்டும். செலவு உள்ளாட்சி நிதியிலிருந்து வரும். ஆண்டுத் தணிக்கை அதைச் சரிபார்க்கும். பெரும்பான்மை அதைத் தலைவருக்கு எதிராகத் திருப்பாமல் இருக்க, தலைவரின் எழுத்துபூர்வமான மாற்றுக் கருத்தையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

இரண்டாவதாக, பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பேற்ற பிறகு தேர்தல், எல்லை, இணைப்பு ஆகிய மூன்று பொருள்களில் அவர் ஊராட்சியின் சார்பில் வழக்கறிஞருக்கு அறிவுறுத்தல் தரக் கூடாது. அந்த இடைவெளியில் கிராம சபைத் தீர்மானமே ஊராட்சியின் நிலைப்பாடாகக் கருதப்பட வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதற்கு வழக்காடும் வழி இருந்தால் அந்தக் கூட்டங்களில் எழும் குரல் பதிவேட்டோடு நின்றுவிடாது.

மூன்றாவதாக, 202, 203, 205 பிரிவுகளின் கீழான ஆணைகளை விசாரிக்கக் கேரளத்தைப் போல நீதித்துறை அனுபவமுள்ளவரின் தலைமையில் ஒரு தீர்ப்பாயம் வேண்டும். மேலவளவும் பாப்பாபட்டியும் கேட்கும் பாதுகாப்பை அது தரும். வழக்குத் தொடுப்பவரே தீர்ப்பும் எழுதும் இன்றைய நிலையை மாற்றும்.

மூன்றாவது மாற்றத்துக்குச் சட்டத் திருத்தமும் நிதியும் வேண்டும் என்று அரசு சொல்லக் கூடும். முதல் இரண்டும் விதித் திருத்தத்தில் முடியக் கூடியவை. 2019-இல் தேர்தல் தவிர்க்கப்பட்ட 9 மாவட்டங்களின் மன்றங்களுக்கு 2026 அக்டோபர் வரைதான் பதவிக்காலம். அதன் பின் தமிழ்நாட்டின் ஊரகப் பகுதி முழுவதும் வழக்காடும் உரிமை மீண்டும் அலுவலர் கைக்குப் போகலாம். அப்போது தொடுக்கப்படும் எந்த வழக்கிலும் நீதிமன்றம் முதலில் கேட்க வேண்டியது, வக்காலத்தில் கையெழுத்திட்டவருக்கும் அந்த ஊராட்சிக்கும் இந்த வழக்கில் நலன் ஒன்றா என்பதை. ஒன்றல்ல என்றால், ஊராட்சியைக் கேட்காமல் அதன் வழக்கு முடிவாகிறது என்பதைப் பதிவு செய்துவிட்டாவது மேலே செல்ல வேண்டும்.